மோட்டாரக்கா காத்த படகுத்துறை

ஒன்பது மீட்டர் ஆழத்தில் வேலை செய்கிறவர்களுக்கு மேலே வெயிலா மேகமா என்பது சரியாகத் தெரியாது. தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து ஊறுகிறது என்பதுதான் அவர்களுக்கு முக்கியம். எங்கள் குழியில் அதைச் சொல்லத் தெரிந்தவர் ஒரே ஒருவர். நாங்கள் எல்லோரும் அவரை மோட்டாரக்கா என்று கூப்பிட்டோம்.

அது சுரங்க ரயில் நிலையத்துக்காகத் தோண்டிய குழி. ஒரு பக்கம் கடைத்தெரு, மறுபக்கம் மூன்று மாடிப் பழைய குடியிருப்பு. நான் அந்தக் குழிக்குப் பொறுப்பான இன்ஜினியர். குழியின் ஓரங்களில் ஆறு பம்புகள் ஓடிக்கொண்டிருக்கும். அவை ஓடினால்தான் தரை காயும். தரை காய்ந்தால்தான் மற்ற எல்லோருக்கும் வேலை. ஆறையும் பார்த்துக்கொண்டவர் அக்கா. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நாலு பேர் முன்னால் என்னை "சார்" என்பார். பம்புச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று தெரிந்தால் "தம்பி" என்பார்.

இருபத்திரண்டு வயதில் மண் சுமக்கிற வேலைக்கு வந்தவர் அவர். அந்த முதல் வேலையிடத்தில் பம்ப் பார்த்த ஆள் அடிக்கடி டீ குடிக்கப் போய்விடுவானாம். பம்பில் காற்று அடைத்துக்கொள்ளும், தண்ணீர் ஏறும், மண் ஈரமாகும். ஈரமண் கூடை கழுத்தை அமுக்கும். மோட்டார் ஓடினால் மண் காயும், மண் காய்ந்தால் சுமை குறையும். இந்த எளிய கணக்குதான் அவரை மோட்டார் பக்கம் இழுத்தது. அவன் செய்வதைப் பார்த்துப் பார்த்து, அவன் இல்லாத நேரங்களில் தானே காற்றை வெளியேற்றி ஓட்டத் தொடங்கினார். ஆறு மாதத்தில் கூடையை இறக்கி வைத்துவிட்டார். அதன் பிறகு இருபத்தாறு வருடம், பதினான்கு குழிகள். ஆஸ்பத்திரிகள், கடை வளாகங்கள், அடுக்குமாடிகள் என்று இந்த நகரத்தில் உயரமாக நிற்கிற பாதிக் கட்டடங்களின் அடித்தளத்தை அவர் காயவைத்திருக்கிறார்.

வீட்டில் கணவர், மாமியார். கணவர் சோபாவுக்கு மெத்தை தைக்கிறவர். அதிர்ந்து பேசாத மனிதர். அவர் பேசாததையும் சேர்த்து மாமியார் பேசுவார். மருமகளின் துணியில் டீசல் வாடை போவதில்லை என்பது அவருடைய தினசரிப் புகார். இன்னொரு குறையும் உண்டு.

"கொத்தனார் சுவரைக் காட்டுறான். பெயின்டர் கலரைக் காட்டுறான். நீ காட்டுறதுக்கு என்ன இருக்கு? தண்ணி இருந்துச்சு, இப்ப இல்லேன்னு சொல்லுவியா?"

இதை அக்காவே எங்களிடம் சிரித்துக்கொண்டு சொல்வார். சிரித்தாலும், அந்தக் கேள்வி உள்ளே எங்கோ தைத்திருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஒருநாள் காலை மூன்றாம் நம்பர் பம்பின் குரல் கம்மியது. அக்கா குழாயை மேலே இழுத்து, நுனியில் தண்ணீரை உறிஞ்சும் புட்வால்வின் சல்லடையைத் தட்டினார். கறுப்பாக மரத்தூளும் சிராய்களும் அடைத்திருந்தன. அவற்றுக்கு நடுவே ஒரு ஜாண் நீளத்தில் ஒரு மர ஆணி. அதைத் துடைத்துப் பார்த்தார். பிறகு நேராகப் போய், மண் தோண்டிக்கொண்டிருந்த பொக்லைன் இயந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டார். டிரைவர் பதறிப்போய் இன்ஜினை அணைத்தார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. மதியத்துக்குள் நாற்பது லோடு மண் வெளியேறியாக வேண்டும்.

"என்னக்கா இது? வண்டி ஏன் நிக்குது?"

"இதைப் பாருங்க தம்பி."

"மரத்துண்டு. குழியில மரத்துண்டு கிடைக்கிறது புதுசா?"

"மரத்துண்டு கிடைக்கும். வேர் கிடைக்கும். எட்டுப் பட்டையா சீவி, ஒரு பக்கம் கூர் வச்சது கிடைக்காது. இதை யாரோ உக்காந்து செதுக்கியிருக்காங்க."

ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "சரி, வேலையைப் பாருங்க" என்று சொல்லிவிடத்தான் எனக்குத் தோன்றியது. அக்கா இயந்திரத்தின் முன்னாலிருந்து நகரவில்லை. மேலே ஏறிப் போய் திட்ட மேலாளருக்கு போன் செய்தேன். அவர் முனகிக்கொண்டே தொல்லியல் துறைக்குத் தகவல் கொடுத்தார்.

சாயங்காலம் ஒரு குள்ளமான பெண்மணி வந்தார். தோளில் கனமான பை, காலில் லேஸ் அறுந்த பூட்ஸ். அன்றிலிருந்து அவர் எங்களுக்குத் தொல்லியல் மேடம். மர ஆணியைத் தன் குடிதண்ணீர் பாட்டிலைத் திறந்து கழுவினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "இதை எடுத்தது யாரு?" என்று கேட்டார். எல்லோரும் அக்காவைக் காட்டினோம்.

நாலு நாள் தூரிகையாலும் மூங்கில் சீவலாலும் மண்ணை விலக்கிய பிறகு விஷயம் வெளியே வந்தது. இரண்டு வரிசையாக நட்ட மரக் கம்பங்கள், அவற்றின் மேல் பதித்த பலகைகள், ஒன்றோடொன்று பிணைக்க மர ஆணிகள். அது ஒரு படகுத்துறை. இப்போது இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஓடுகிற ஆறு, ஒரு காலத்தில் எங்கள் குழியின் ஓரமாக ஓடியிருக்கிறது. எழுநூறு வருடமாவது இருக்கும் என்றார் மேடம். கடைத்தெருவுக்கு அடியில் இன்னொரு கடைத்தெருவே இருந்திருக்கும் போலிருக்கிறது என்று பொக்லைன் டிரைவர் சொன்னார்.

மேலிடத்தில் பேசி ஓர் ஏற்பாடு செய்தார்கள். அந்த மூலை நாற்பது நாள் தொல்லியல் துறைக்கு. மற்ற இடத்தில் எங்கள் வேலை நடக்கும்.

மறுநாள் மதியமே சிக்கல் தொடங்கியது. ஒரு பலகையின் ஓரத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு வெடிப்பு. மேடத்தின் முகம் செத்துப்போயிற்று. பல நூறு வருடம் தண்ணீருக்குள் ஊறிய மரத்துக்குத் தண்ணீர்தான் உடம்பு. காய்ந்தால் சுருங்கி, பிளந்து, கடைசியில் தூளாகிவிடும் என்று எனக்கு விளக்கினார். ஆனால் எங்கள் பம்புகள் இரவும் பகலும் அந்தத் தண்ணீரைத்தான் இறக்கிக்கொண்டிருந்தன. நிறுத்தவும் முடியாது. நிறுத்தினால் எங்கள் வேலையும் போகும், பக்கத்துக் குடியிருப்பின் அடிமண்ணும் இளகும். பனிபோல் நீர் தெளிக்கும் கருவி ஒன்றை வரவழைக்கலாம், ஆனால் அது வந்துசேரப் பன்னிரண்டு நாள் ஆகும். அதுவரை நனைத்த சாக்கைப் போட்டு மூடிவைப்பதைத் தவிர வழியில்லை என்றார்.

அக்கா ஹோஸ் ஒன்றைச் சுருட்டியபடி இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கிட்டே வந்தார்.

"மேடம், இதுக்கு எவ்வளவு ஈரம் வேணும்?"

"எப்பவும் நனைஞ்சே இருக்கணும்க்கா. ஆனா வேகமா அடிச்சா மேல்தோல் உரிஞ்சு வந்துடும். சேறு கலந்த தண்ணியும் ஆகாது."

"எத்தனை நாளைக்கு?"

"தூக்கித் தொட்டியில வைக்கிற வரைக்கும்."

அக்கா கொஞ்ச நேரம் மரத்தையே பார்த்தார். "இருபத்தாறு வருஷமா தண்ணிய வெளிய தள்ளுன்னுதான் எல்லாரும் சொல்லியிருக்காங்க. உள்ள நிறுத்திவைன்னு கேட்ட முதல் ஆளு நீங்கதான்" என்றார். அவருக்கு அந்த யோசனையே பிடித்துப்போயிருந்தது என்பது குரலில் தெரிந்தது.

அன்று சாயங்காலத்துக்குள் படகுத்துறையைச் சுற்றி இடுப்பளவுக்கு மண்மூட்டைக் கரை எழுந்தது. உள்பக்கத்தில், குழியிலேயே கிடைத்த பசைக்களிமண்ணை அப்பி மெழுகினார்கள். பம்பிலிருந்து வரும் தண்ணீருக்கு நாலு இரும்பு டிரம்களை வரிசையாக வைத்தார் அக்கா. முதல் டிரம்மில் விழுந்து வழிந்து இரண்டாவதுக்கு, அங்கிருந்து மூன்றாவதுக்கு. நாலாவது டிரம்முக்கு வரும்போது சேறெல்லாம் தங்கித் தண்ணீர் தெளிந்துவிடும். மெல்லிய தோட்டக் குழாயில், ஊசியைச் சுடவைத்துச் சுடவைத்து, நாலு விரலுக்கு ஒன்றாகத் துளை போட்டார். அதைப் பலகைகளுக்கு மேலே கட்டி, வால்வைக் கால் திருகு திறந்தார். மரத்தின் மேல் விடுவதற்கு முன் தன் முகத்தை நீட்டிக் காட்டினார்.

"கண்ணைத் திறந்தே வச்சிருக்க முடியுது மேடம். மரத்துக்கு வலிக்காது."

பன்னிரண்டு நாள் கழித்துக் கருவி வந்தது. மேடம் அதை ஓட்டிப் பார்த்தார். அக்காவின் குழாயையும் பார்த்தார். கருவியைப் பெட்டிக்குள் திரும்ப வைத்து, "இது ஸ்பேரா இருக்கட்டும்" என்றார். அந்த வெடிப்பு அதற்குமேல் ஓர் இழைகூட வளரவில்லை.

முப்பத்தோராம் நாள் காலையிலிருந்தே மழை. எங்களுக்குப் பழக்கம்தான். ஆனால் பதினோரு மணிக்குத் தெருச் சாக்கடை நிரம்பிக் குழிக்குள் வழியத் தொடங்கியது. தெருமுனை டிரான்ஸ்பார்மர் வெடித்துப்போயிற்று. ஜெனரேட்டர் எழுந்து பத்து நிமிடம் ஓடியது, அதன் அறைக்குள்ளும் தண்ணீர் புகுந்ததும் இருமி நின்றது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு டீசல் பம்ப். கால் மணிக்கு ஒரு ஜாண் வீதம் நீர் ஏறியது. எல்லோரும் மேலே வரவேண்டும் என்று நான் விசில் அடித்தேன். அதுதான் விதி.

படகுத்துறையில் பாதிப் பலகைகளை அளந்து, வரைந்து, நம்பர் அட்டை கட்டி முடித்திருந்தார்கள். மிச்சம் இருபத்திரண்டு பலகைகளுக்கு நம்பர் அட்டை மட்டும் கட்டியிருந்தது, வரைந்தாகவில்லை. எது எந்த இடத்தில் இருந்தது என்பது கலைந்துவிட்டால், அதன்பின் அது வெறும் மரக்குவியல். மேடம் இன்னும் மூட்டை கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார். கரையை உயர்த்திவிடலாம் என்பது அவர் எண்ணம்.

அக்கா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"உயர்த்தாதீங்க மேடம். வெளிய தண்ணி ஏற ஏற கரையை அமுக்கும். உள்ள காலியா இருந்தா எங்கயாவது ஒரு இடத்துல பிச்சுக்கும். பிச்சுக்கிட்டா சேறும் தண்ணியும் ஒரே பாய்ச்சலா உள்ள வரும். நீங்க நம்பர் போட்டதெல்லாம் ஒரு மூலையில குவிஞ்சு கிடக்கும்."

"வேற என்னக்கா செய்யறது?"

"நாமளே உள்ள தண்ணிய விட்டுடுவோம். நல்ல தண்ணியா, மெதுவா. வெளிய எவ்வளவோ உள்ளயும் அவ்வளவு. ரெண்டு பக்கமும் ஒரே மட்டம்னா கரைக்கு வேலையே இல்லை."

மேடம் பலகைகளைத் திரும்பிப் பார்த்தார். "இருபத்திரண்டு பலகை இன்னும் வரையலக்கா."

"இடத்துலயே இருந்தா வர்ற வாரம் வரையலாம்."

நான் படிக்கட்டிலிருந்து கத்தினேன், இருபது நிமிடம்தான் என்று. மேடம் தலையை ஆட்டினார். ஐந்து பேர் சேர்ந்து பலகைகள் மேல் ஈரச் சாக்கை விரித்தார்கள். அதன்மேல் வலை, வலையின் மேல் அரைவாசி மணல் கட்டிய மூட்டைகளைக் குழந்தையை இறக்குவதுபோல இறக்கினார்கள். கான்கிரீட் நனைக்க நாங்கள் தெருமட்டத்தில் வைத்திருந்த பெரிய தொட்டியிலிருந்து அக்கா குழாயைக் கீழே இழுத்தார். தண்ணீர் மரத்தில் நேராக விழாமல் சாக்குமூட்டையில் விழுந்து பரவும்படி நுனியை அமுக்கி வைத்தார். கரைக்கு உள்ளே ஒரு குச்சி, வெளியே ஒரு குச்சி. இரண்டிலும் நீர் மட்டத்தைப் பார்த்துப் பார்த்து வால்வைத் திருகினார். உள்ளே ஒரு விரல் ஏறிவிட்டால் சற்று மூடுவார். வெளியே ஏறினால் திறப்பார்.

இருபது நிமிடம் முடிந்தது. விசில் என் வாயில் இருந்தது. நான் ஊதவில்லை. தண்ணீர் அவருக்குத் தொடைவரை வந்துவிட்டது, இருந்தாலும் ஊதவில்லை. மொத்தம் நாற்பது நிமிடம். என் வேலைக்காலத்தில் நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒரே விதிமீறல் அதுதான்.

கடைசியில் வெளித்தண்ணீர் கரையின் உச்சியைத் தொட்டது. உள்தண்ணீரும் அங்கேயே இருந்தது. இரண்டும் சத்தமில்லாமல் ஒன்றாகக் கலந்தன. கரை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அக்கா அதன் பிறகுதான் ஏறி வந்தார்.

மூன்றாம் நாள் மின்சாரம் திரும்பியது. ஆறு பம்பையும் முழு வேகத்தில் ஓட்டச் சொன்னார் திட்ட மேலாளர். வேலை தேங்கிக் கிடந்த எரிச்சல் அவருக்கு. அக்கா சுவிட்ச் பெட்டியின் முன்னால் நின்றார்.

"வேணாம் சார். வெளிய மட்டும் சட்டுனு வத்திச்சுன்னா உள்ள இருக்கிற தண்ணி கரையை வெளிய தள்ளும். ரெண்டையும் சேர்த்துத்தான் இறக்கணும். மணிக்கு ஒரு ஜாண்."

"அப்படின்னா ரெண்டு நாள் ஆகுமே."

"ரெண்டு நாள் ஆகும் சார்."

மேலாளர் என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். இரண்டு நாள் ஆயிற்று.

வலையையும் சாக்கையும் எடுத்த காலை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. மேடம் பட்டியலை வைத்துக்கொண்டு நம்பரைப் படித்தார். அவருடைய உதவியாளர் ஒவ்வொரு பலகையாகக் குனிந்து பார்த்து "இருக்கு" என்றார். நாற்பத்தேழு பலகைகளுக்கு நாற்பத்தேழு முறை. ஒரே ஓர் அட்டையின் கயிறு அவிழ்ந்து மிதந்திருந்தது, அதற்குரிய பலகை இடத்தைவிட்டு அசையவில்லை. பட்டியல் முடிந்ததும் மேடம் மண்மூட்டை மேல் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். பொக்லைன் டிரைவர் கைதட்ட ஆரம்பித்தார். குழியில் இருந்த எழுபது பேரும் சேர்ந்து தட்டினோம். மேலே தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

அக்காவுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "மூணாம் நம்பர் காத்து இழுக்குது" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார். மூன்றாம் நம்பர் பம்ப் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மழையில் போன நாளுக்கு ஈடாகத் தொல்லியல் துறைக்கு இன்னும் மூன்று வாரம் கிடைத்தது. மரங்களைத் தூக்க, உறுத்தாத பட்டைகள் தேவைப்பட்டன. கடையில் கிடைத்தவை முரடாக இருந்தன. அக்காவின் கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அளவுநாடாவோடு வந்து, இரும்புப் படிக்கட்டின் கைப்பிடியை விடாமல் இறங்கி, ஒவ்வொரு பலகையின் அகலத்தையும் குறித்துக்கொண்டார். ஸ்பாஞ்ச் வைத்துத் தைத்த முப்பது பட்டைகள் அடுத்த வாரம் வந்தன. அவற்றில்தான் எல்லா மரமும் மேலே ஏறி, லாரியில் இருந்த தண்ணீர்த் தொட்டிகளுக்குப் போனது.

மரங்கள் மேலே ஏறுவதற்கு முந்தைய நாள், வேலையாட்களின் குடும்பத்தார் வந்து பார்க்கலாம் என்று மேடம் ஏற்பாடு செய்திருந்தார். அக்காவின் மாமியார் தலையில் பெரிய ஹெல்மெட் ஆட, மகனைப் பிடித்துக்கொண்டு வந்தார். மேடம் அவரைக் கரை ஓரமாக உட்காரவைத்து எல்லாவற்றையும் விளக்கினார்: எழுநூறு வருடம், ஆறு, படகுகள், மழை, தண்ணீர். அந்த அம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவர் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து மகனே பார்த்ததில்லையாம். பிறகு பலகைகளைக் காட்டி, "இது அத்தனையும் இவ இல்லேன்னா?" என்றார்.

"லாரியில மண்ணோட போயிருக்கும்மா" என்றார் மேடம்.

மாமியார் எழுந்து, பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரைக் கூப்பிட்டு, "அது என் மருமக" என்றார். வெளியே போவதற்குள் எட்டுப் பேரிடம் சொன்னார். ஒன்பதாவது ஆள் நான்.

"தெரியும்மா. நான் இங்கதான் வேலை பாக்குறேன்."

"தெரிஞ்சா என்ன, இன்னொரு தடவை கேட்டுக்கங்க."

பெரும்பாலான மரங்கள் இன்னும் பக்குவம் செய்யும் தொட்டிகளில்தான் இருக்கின்றன. அது வருடக்கணக்கில் ஆகிற வேலை. முதலில் தயாரான எட்டுக் கம்பங்களை நிலையத்தின் கீழ்த்தளத்தில், கண்ணாடிக்குப் பின்னால், இருந்த வரிசையிலேயே நிறுத்தியிருக்கிறார்கள். ரயிலுக்கு ஓடுகிறவர்கள்கூட ஒரு நிமிடம் நிற்கிறார்கள்.

போன வருடம் அடுத்த தடத்துக்கான வேலை தொடங்கியது. அதில் நாலு குழிகள், எல்லாம் பழைய ஊர்ப்பகுதிக்குள். தோண்டுவதற்கு முன் தொல்லியல் துறையோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்பது பழைய விதி. தண்ணீர் பார்க்கிற ஆளையும் அந்தப் பேச்சில் உட்காரவைக்க வேண்டும் என்று மேடம் எழுதிக் கேட்டு, அதையும் சேர்க்கவைத்திருந்தார். ஏசி அறை, நீள மேசை, பதினோரு அதிகாரிகள். மேலாளர் தனக்குப் பக்கத்து நாற்காலியை அக்காவுக்கு இழுத்துப் போட்டார். வரைபடத்தை விரித்து, மேற்கு ஓரத்திலிருந்து தோண்டுவதாகத் திட்டம் என்று நான் விளக்கினேன்.

அக்கா வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பென்சில் கேட்டு வாங்கினார். பழைய கிணறுகள் எங்கெங்கே இருந்தன என்று தொல்லியல் மேடத்திடம் கேட்டு, ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்தார். ஐந்தாறு புள்ளிகள் ஆனதும் அவற்றுக்கு நடுவே ஒரு கோடு இழுத்தார்.

"தண்ணி மேற்குலேர்ந்து இந்த வழியாத்தான் வரும் சார். மேற்குல முதல்ல கை வச்சீங்கன்னா, கிழக்குல மண்ணுக்குள்ள என்ன இருந்தாலும் நாம பாக்குறதுக்கு முன்னாடியே காஞ்சு போயிடும். கிழக்குலேர்ந்து வாங்க. ரெண்டு வாரம் கூடுதலா ஆகும்."

பதினோரு பேரும் கோட்டைப் பார்த்தார்கள். ஒருவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேலாளர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"அக்கா சொன்னபடி மாத்திடுங்க" என்று என்னிடம் சொன்னார்.

அன்று சாயங்காலமே வரைபடத்தை மாற்றிக் கொடுத்தேன்.